காசநோயாளிக்கு ஆறு மாத உணவு: மாணவர் குழுக்களுக்கான நிதி திரட்டல் வழிகாட்டி

ஒவ்வோர் ஆண்டும் மார்ச் 24ஆம் நாள் உலகக் காசநோய் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. 1882ஆம் ஆண்டு அதே நாளில்தான் ராபர்ட் காக் பெர்லின் நகரில், காசநோயை உண்டாக்கும் நுண்ணுயிரியைத் தாம் கண்டறிந்துவிட்டதாக அறிவித்தார். அந்த நாள் நெருங்கும்போது கல்லூரிகளில் நாட்டு நலப்பணித் திட்ட அணியினரும் இளையோர் செஞ்சிலுவைச் சங்கத்தினரும் பேரணிக்கும் பதாகைக்கும் ஏற்பாடு செய்யத் தொடங்குவார்கள். காசநோயாளிகளுக்காக ஏதாவது செய்ய வேண்டும் என்று விரும்பும் இளைஞர்கள் என்னிடம் முதலில் கேட்பது, என்ன நிகழ்ச்சி நடத்தலாம் என்பதைத்தான். நிகழ்ச்சியைப் பற்றிய பேச்சைச் சில வாரங்களுக்கு ஒத்திவைத்துவிட்டு, ஒரு நோயாளியின் ஆறு மாதச் சிகிச்சையைப் பற்றி முதலில் தெரிந்துகொள்ளுங்கள் என்று அவர்களிடம் சொல்வேன். எவ்வளவு திரட்ட வேண்டும், யாரிடம் கேட்க வேண்டும், எப்போது தொடங்க வேண்டும் என்ற கேள்விகளுக்கான விடைகள் எல்லாம் அந்த ஆறு மாதத்துக்குள் இருக்கின்றன.

இதை நான் அனுபவப்பட்டுத்தான் கற்றேன். என் மாணவப் பருவத்தில் நாங்கள் மார்ச் மாதத்தில் உண்டியல் வசூல் செய்து, இருபது நோயாளிகளுக்கு ஒரு மாத மளிகைப் பை கொடுத்தோம். புகைப்படம் எடுத்தோம், கைதட்டினோம், தேர்வுக்குப் படிக்கப் போய்விட்டோம். அடுத்த மாதம் மாத்திரை வாங்க வந்த ஓர் அம்மா, அந்தப் பை இந்த மாதமும் வந்திருக்கிறதா என்று மருந்துச் சன்னலில் கேட்டிருக்கிறார். அங்கிருந்த ஊழியர் அதை எங்களுக்குத் தொலைபேசியில் சொன்னபோது எங்களிடம் பணமும் இல்லை, சொல்ல ஒரு பதிலும் இல்லை. இருபது பேருக்கு ஒருமுறை கொடுத்த அதே பணத்தில் மூன்று பேரை ஆறு மாதமும் தாங்கியிருக்கலாம் என்ற கணக்கு அன்றுதான் எனக்குப் புரிந்தது.

ஏன் உணவு

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2023இல் உலகெங்கும் சுமார் 1 கோடியே 8 லட்சம் பேருக்குக் காசநோய் வந்தது. சுமார் 12.5 லட்சம் பேர் இறந்தனர். நோயுற்றவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியர். மருந்து அரசு மையங்களில் இலவசமாகக் கிடைக்கிறது, பரிசோதனையும் இலவசம். அப்படியிருக்க, மாணவர்கள் திரட்டும் சிறு தொகைக்கு இதில் என்ன வேலை என்ற கேள்வி எழுவது இயல்பு.

சென்னைக்கு இதில் ஒரு தனி வரலாறு உண்டு. 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கப்பட்ட காசநோய் வேதிச்சிகிச்சை மையம், நகரின் ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினரை வீட்டிலேயே வைத்து மாத்திரை கொடுத்தும், மற்றொரு பகுதியினரைச் சானடோரியம் எனப்படும் காசநோய் மருத்துவமனையில் சேர்த்து நல்ல உணவும் ஓய்வும் அளித்தும் ஒப்பிட்டுப் பார்த்தது. மருந்தை ஒழுங்காக உட்கொண்டால் வீட்டுச் சிகிச்சையும் சானடோரியச் சிகிச்சைக்கு இணையானதே என்று 1959இல் வெளிவந்த அதன் முடிவு காட்டியது. உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சை மருத்துவமனைப் படுக்கையிலிருந்து வீட்டுக்கு வந்ததில் அந்த ஆய்வுக்குப் பெரும் பங்கு இருக்கிறது. ஆனால் அதையே பிடித்துக்கொண்டு, மருந்து இருந்தால் போதும், உணவு இரண்டாம் பட்சம் என்று பல பத்தாண்டுகள் இருந்துவிட்டோம் என்பது என் கருத்து.

அதே சேத்துப்பட்டு மையம்தான் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். அதன் பங்கேற்புடன் ஜார்க்கண்ட் மாநிலத்தின் நான்கு மாவட்டங்களில் மருத்துவர்கள் அனுராக் பார்கவா, மாதவி பார்கவா ஆகியோர் நடத்திய ஆய்வின் முடிவுகள் 2023 ஆகஸ்டில் வெளியாயின. நுரையீரல் காசநோய் உள்ள 2,800 நோயாளிகளும் அவர்களுடைய வீட்டார் 10,345 பேரும் அதில் இருந்தனர். எல்லா நோயாளிகளுக்கும் உணவுப் பொருள்கள் தரப்பட்டன. வீட்டாரில் ஒரு பிரிவினருக்கு மட்டும் மாதந்தோறும் தலைக்கு 5 கிலோ அரிசியும் 1.5 கிலோ பருப்பும் சத்து மாத்திரைகளும் தரப்பட்டன. உணவு பெற்ற வீட்டாரிடையே புதிதாகக் காசநோய் வருவது 39 விழுக்காடு குறைந்தது. பிறருக்குப் பரவக்கூடிய வகைக் காசநோயை மட்டும் எடுத்துக்கொண்டால் 48 விழுக்காடு குறைந்தது. நோயாளிகளிலும், முதல் இரண்டு மாதங்களில் எடை கூடியவர்களிடையே இறப்பு கணிசமாகக் குறைவாக இருந்தது. ஆகவே நீங்கள் வாங்கித் தரும் அரிசியும் பருப்பும் மருந்தோடு சேர்ந்து வேலை செய்கின்றன. நன்கொடை கேட்கப் போகும் ஒவ்வொருவரும் இந்த ஒரு செய்தியையாவது மனத்தில் நிறுத்திக்கொண்டு போக வேண்டும்.

சிகிச்சைக் காலத்தில் உணவுக்காக மைய அரசு நோயாளியின் வங்கிக் கணக்கில் நேரடியாகப் பணம் செலுத்துகிறது. 2018இல் மாதம் 500 ரூபாயாகத் தொடங்கிய இந்த உதவி, 2024 நவம்பரிலிருந்து 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டிருக்கிறது. நோயின் காரணமாகக் கூலி வேலை நின்றுபோன குடும்பத்தில் இந்தத் தொகை எத்தனை வாய்களுக்குப் பகிரப்படும் என்பதை நினைத்துப் பார்த்தால், உங்கள் பைக்கு அங்கே இடம் இருப்பது விளங்கும். இதற்காகவே 2022 செப்டம்பரில் நிக்‌ஷய் மித்ரா என்ற ஏற்பாடு தொடங்கப்பட்டது. தனியாரும் நிறுவனங்களும் அமைப்புகளும் காசநோயாளிகளைப் பொறுப்பேற்று, குறைந்தது ஆறு மாதம் உணவுத் தொகுப்பு வழங்க அது வழிசெய்கிறது.

முதலில் யாரைப் பார்ப்பது

கல்லூரிக்குள் முதலில் நாட்டு நலப்பணித் திட்ட அலுவலரையோ இளையோர் செஞ்சிலுவை ஒருங்கிணைப்பாளரையோ சந்தித்து, எழுத்து மூலம் அனுமதி பெறுங்கள். பொறுப்பான ஆசிரியர் ஒருவர் உடன் இல்லாமல் மாணவர்கள் தாமாகப் பணம் வசூலிப்பது, எவ்வளவு நல்ல நோக்கமாக இருந்தாலும் பின்னால் சிக்கலில்தான் முடியும்.

அடுத்து, உங்கள் மாவட்டத்தின் காசநோய்ப் பிரிவு துணை இயக்குநர் அலுவலகத்துக்கு நேரில் செல்லுங்கள். மாவட்டத்தின் காசநோய்ப் பணி முழுவதும் அந்த அலுவலகத்தின் கீழ்தான் நடக்கிறது. நீங்கள் யார், எத்தனை பேர், எத்தனை நோயாளிகளை எத்தனை மாதம் தாங்க முடியும் என்பதை ஒரே பக்கத்தில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். நிக்‌ஷய் மித்ராவாகப் பதிவு செய்யும் வழியை அவர்களே காட்டுவார்கள். பதிவு இணையவழியில் நடக்கிறது, கட்டணம் இல்லை. பிறகு உங்கள் பகுதிக்குரிய சிகிச்சைப் பிரிவின் மேற்பார்வையாளரிடம் உங்களை அனுப்புவார்கள். அடுத்த ஆறு மாதமும் நீங்கள் அதிகமாகப் பேசப்போவது அவரோடுதான். நோயாளிகளின் வீடு, வேலை, எடை, மாத்திரை எடுப்பதில் உள்ள தடுமாற்றம் எல்லாம் அறிந்தவர் அவர். எந்தப் பொருள் தேவை, எதை வாங்கினால் வீணாகும் என்று அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நோயாளிகளின் பெயர்ப் பட்டியலை நீங்கள் கேட்கக் கூடாது. உதவி பெறச் சம்மதம் தந்தவர்களின் விவரம் மட்டுமே மித்ராக்களுக்குத் தரப்படுகிறது. அதுவும் உங்கள் பொறுப்பாளர் ஒருவரிடம் மட்டும் இருந்தால் போதும், வாட்ஸ்அப் குழுவுக்குப் போகவே கூடாது. தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கப்பட்ட காசநோய் இறப்பில்லாத் திட்டத்தின்படி, நோய் உறுதியானவுடனேயே மிகுந்த எடைக் குறைவு, மூச்சுத்திணறல், துணையின்றி நிற்க முடியாமை போன்றவை இருக்கின்றனவா என்று பார்த்து, நிலை மோசமானவர்களை மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். அத்தகையவர்களுக்கு மருத்துவக் கவனிப்புத்தான் முதலில் வேண்டும், உணவுப் பை அதற்கு ஈடாகாது. அவர்கள் வீடு திரும்பிய பிறகு உங்கள் பை அவர்களுக்குப் பெரிதும் உதவும்.

கணக்கும் காலமும்

நிக்‌ஷய் மித்ராக்களுக்கான பரிந்துரையின்படி, வயது வந்த ஒருவருக்கு மாதம் 3 கிலோ அரிசி அல்லது சிறுதானியம், 1.5 கிலோ பருப்பு வகை, 250 கிராம் சமையல் எண்ணெய், அவற்றோடு 1 கிலோ பால் பொடி அல்லது 1 கிலோ நிலக்கடலை என்பது ஏறத்தாழ ஒரு பையின் அளவு. முட்டை சேர்த்துக் கொடுக்கும் குழுக்களும் உண்டு, ஆனால் முட்டையைத் தூக்கிச் செல்வதும் பாதுகாப்பதும் கடினம். பால் பொடியை விட நிலக்கடலை மலிவு, பையைச் சுமந்து பேருந்தில் போகிறவருக்கும் எளிது என்பதால் நான் கடலையையே பரிந்துரைப்பேன். உங்கள் ஊரில் இரண்டு மொத்த மளிகைக் கடைகளில் விலை கேட்டு எழுதுங்கள். பண்டிகை மாதங்களில் பருப்பும் எண்ணெயும் விலை ஏறும் என்பதால் பத்து விழுக்காடு கூட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பைக்கு 1,000 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஐந்து நோயாளிகளுக்கு மாதம் 5,000 ரூபாய், ஆறு மாதத்துக்கு 30,000 ரூபாய், விலையேற்றத்துக்கான பத்து விழுக்காட்டையும் சேர்த்தால் 33,000 ரூபாய். இதை வேறு விதமாகவும் பார்க்கலாம். 55 மாணவர்கள் மாதம் 100 ரூபாய் வீதம் ஆறு மாதம் கொடுத்தால் அதே 33,000 ரூபாய் சேர்ந்துவிடும். ஒரு வகுப்பறை ஐந்து பேரைத் தாங்க முடியும். மேடையோ ஒலிபெருக்கியோ விளம்பரப் பதாகையோ இல்லாமல் நடக்கக்கூடிய இந்த மாதச் சந்தா முறையைத்தான் புதிதாகத் தொடங்கும் குழுவுக்கு நான் முதலில் சொல்வேன். நிகழ்ச்சி நடத்திச் சேர்ப்பதை அதற்கு மேல் வரும் கூடுதலாக வைத்துக்கொள்ளலாம்.

தொடங்கும் மாதத்தில் பெரும்பாலோர் தவறுகிறார்கள். மார்ச் 24இல் தொடங்கினால் ஏப்ரலில் தேர்வு, மே மாதத்தில் விடுமுறை, ஜூனில் பாதிப் பேர் படிப்பை முடித்து வெளியேறியிருப்பார்கள். நோயாளிக்கு மட்டும் விடுமுறை கிடையாது. கல்லூரி திறந்தவுடன் ஜூலையில் குழுவைச் சேர்த்து, முதல் மாதப் பணம் கையில் வந்த பிறகு ஆகஸ்டில் முதல் பையைக் கொடுத்தால் ஆறாவது பை ஜனவரியில் முடியும். இடையில் அக்டோபர் 2 வருகிறது. இந்தியக் காசநோய்ச் சங்கம், நிதி திரட்டுவதற்காக அஞ்சல்தலை போல அச்சிடும் காசநோய் வில்லையின் விற்பனையை ஆண்டுதோறும் தொடங்கும் நாள் அது, ஆகவே பொதுமக்களிடம் போக ஏற்ற காலம். மார்ச் 24ஐக் கணக்கு வெளியிடும் நாளாக வைத்துக்கொள்ளுங்கள். செய்து முடித்த வேலையோடு அந்த நாளில் மேடை ஏறுவதற்குத் தனி மதிப்பு உண்டு.

எவ்வளவு பேரைப் பொறுப்பேற்பது என்பதில் ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதச் செலவுக்கான பணம் கையிலும், மீதி நான்கு மாதத்துக்கான உறுதிமொழி எழுத்திலும் இல்லாமல் ஒரு நோயாளியைக் கூட ஏற்க வேண்டாம். நோயாளியின் எண்ணிக்கையை ஐந்திலிருந்து மூன்றாகக் குறைப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பணம் யார் கணக்கில்

இந்தப் பகுதியை அவசரப்படாமல் படியுங்கள். நல்ல குழுக்கள் பல உடைந்துபோனது இங்கேதான்.

எந்த மாணவருடைய தனிப்பட்ட வங்கிக் கணக்குக்கோ கைபேசி எண்ணுக்கோ நன்கொடை வரக் கூடாது. நம்பிக்கை ஒரு காரணம், சட்டம் மற்றொரு காரணம். உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஓராண்டில் ஒருவருக்கு வரும் அன்பளிப்புத் தொகை 50,000 ரூபாயைத் தாண்டினால் அது முழுவதும் அவருடைய வருமானமாகக் கருதப்படும். நல்லெண்ணத்தில் தன் கியூஆர் குறியீட்டைக் கொடுத்த மாணவி ஒருத்தி, பிறகு வருமான வரி குறித்து விளக்கம் சொல்ல வேண்டிய நிலைக்கு ஆளாகக் கூடாது. கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்டக் கணக்கு, பதிவு பெற்ற அறக்கட்டளையின் கணக்கு, உள்ளூர் ரோட்டரி போன்ற சேவைச் சங்கத்தின் கணக்கு ஆகியவற்றில் ஒன்றைப் பயன்படுத்துங்கள். எதுவும் கிடைக்காவிட்டால் பணமே வாங்காமல், மளிகைக் கடையில் ஒரு பற்றுவரவு திறந்து, நன்கொடையாளர்களை நேரடியாகக் கடைக்கே செலுத்தச் சொல்லி, கடை ரசீதை மட்டும் நீங்கள் வைத்துக்கொள்ளலாம். சிறு ஊர்களுக்கு இது மிகவும் ஏற்ற முறை.

வரிவிலக்கு பற்றி நன்கொடையாளர்கள் நிச்சயமாகக் கேட்பார்கள். 80ஜி என்று வழக்கில் சொல்லப்படும் சலுகை, அதற்கான ஒப்புதல் பெற்ற அமைப்புக்குக் கொடுத்தால் மட்டுமே கிடைக்கும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தாலும் கிடைக்காது. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கும் அந்தக் கழிவு இல்லை. உங்கள் குழுவுக்கு அந்த ஒப்புதல் இல்லையென்றால், இல்லை என்று கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

வெளிநாட்டுப் பணத்தில் இன்னும் கவனம் தேவை. 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, உரிய பதிவு இல்லாத அமைப்பு வெளிநாட்டினரிடமிருந்து நன்கொடை பெற முடியாது. துபாயில் வேலை பார்க்கும், இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் சித்தப்பா தம் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டுப் பங்களிப்பாகாது. சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றுவிட்ட அத்தை அனுப்புவது வெளிநாட்டுப் பங்களிப்புத்தான், அவர் நம் ஊர்க்காரராகவே இருந்தாலும். இந்த வேறுபாடு தெரியாமல் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வேண்டுகோள் விடுப்பவர்கள் அதிகம். அத்தகைய உறவினர்களை, அந்தப் பதிவு பெற்றுக் காசநோய்க்காகப் பணிசெய்யும் தொண்டு நிறுவனங்களுக்கு நேரடியாகக் கொடுக்கச் சொல்லுங்கள்.

குலுக்கல் சீட்டு விற்று நிதி திரட்டும் யோசனையைக் குழுவில் யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார். தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை இருக்கிறது. நற்பணி என்ற பெயர் அதற்கு விலக்காகாது, ஆகவே அந்தப் பக்கமே போக வேண்டாம்.

ரொக்கம் வாங்கும் இடங்களில் வரிசை எண்ணிட்ட ரசீதுப் புத்தகம் வேண்டும். உண்டியல் வைத்தால் பூட்டி, வாயை அரக்கு முத்திரையிட்டு, திறக்கும்போது ஆசிரியர் ஒருவரும் மாணவர் இருவரும் உடனிருந்து எண்ணிக் கையெழுத்திட வேண்டும். எண்ணிய தொகை அன்றே, அல்லது மறுநாள் காலை, வங்கிக்குப் போக வேண்டும். அதிலிருந்து தேநீருக்கும் ஆட்டோவுக்கும் எடுத்துக்கொண்டு பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்ற பழக்கத்தை முதல் நாளே தடுத்துவிடுங்கள். குழுவின் போக்குவரத்து, அச்சு, டி-சட்டை முதலிய செலவுகளுக்கு உறுப்பினர்களே தனியாகப் பங்கு போட்டுக்கொண்டால், நோயாளிக்காகக் கொடுத்த பணம் முழுவதும் நோயாளிக்கே போகிறது என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லலாம்.

கேட்கும் முறை

சிறு தொகையைப் பலரிடம் கேட்பது காசநோய்ப் பணியில் பழைய மரபு. டென்மார்க்கில் அஞ்சல் எழுத்தராக இருந்த ஐனார் ஹோல்போல், வாழ்த்து மடல்களில் ஒட்டுவதற்கு ஒரு சிறு வில்லையை விற்றுக் காசநோய்க் குழந்தைகளுக்கு நிதி சேர்க்கலாம் என்று எண்ணியதன் விளைவாக, 1904இல் முதல் வில்லை வெளிவந்தது. மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு அமெரிக்காவின் டெலவேரில் எமிலி பிஸ்ஸல், மூடும் நிலைக்கு வந்த சிறு காசநோய் இல்லம் ஒன்றுக்காக 300 டாலர் வேண்டி, ஒரு வில்லை ஒரு சென்ட் என்று விற்றார். ஏறத்தாழ 3,000 டாலர் சேர்ந்தது. நம் பள்ளிகளில் ஆசிரியர் காசநோய் வில்லைத் தாளைக் கிழித்துக் கொடுத்ததை நினைவில் வைத்திருக்கும் பெற்றோர்களிடம் போய்ப் பேசுங்கள், அவர்கள் உடனே புரிந்துகொள்வார்கள்.

கேட்கும்போது தொகையைச் சொல்லிக் கேளுங்கள். உங்களால் இயன்றதைக் கொடுங்கள் என்பதை விட, ஒரு நோயாளியின் ஒரு மாதப் பருப்பை நீங்கள் ஏற்றுக்கொள்கிறீர்களா என்று கேட்பது கொடுப்பவருக்கும் எளிது. கடைக்காரரிடம் பணத்துக்குப் பதில் அடக்க விலையில் அரிசி கேளுங்கள். நெல் விளையும் பகுதியானால் அறுவடை முடிந்த வாரத்தில் விவசாயிகளிடம் ஆளுக்கு ஒரு மரக்கால் அளவு நெல் கேட்கலாம். கல்லூரி விழாவில் உணவுக்கடை போடுவது, பழைய பாடப்புத்தகங்களைச் சேர்த்து விற்பது ஆகியவை போதுமான பலன் தருகின்றன. நடைப்பயணம், மாரத்தான் போன்றவற்றுக்கு ஆகும் முன்செலவு பெரிது, முதல் ஆண்டுக் குழு அதில் இறங்க வேண்டாம். பேருந்து நிலையத்திலோ சாலையோரத்திலோ வசூலிப்பதானால் உள்ளாட்சி அமைப்பிடமும் காவல் நிலையத்திலும் முன்கூட்டியே அனுமதி பெறுங்கள். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களைத் தனியாக வசூலுக்கு அனுப்பாதீர்கள்.

நோயாளியின் முகத்தைக் காட்டிக் கேட்காதீர்கள். இருமி வாடிய உருவத்தை அச்சிட்டுப் பரிதாபம் தேடும் பதாகை, அதைப் பார்க்கும் இன்னொரு நோயாளியை வீட்டுக்குள் ஒளிந்துகொள்ளச் செய்யும்.

விழிப்புணர்வில் என்ன சொல்வது

பத்துச் செய்திகளைச் சொல்லும் பதாகையை யாரும் படிப்பதில்லை. ஒரே செய்தியைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் அரசு மருத்துவமனையிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ இலவசமாகச் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள் என்பதே அது. மாலைக் காய்ச்சல், எடை குறைதல், இரவில் வியர்த்தல், சளியில் இரத்தம் ஆகிய அறிகுறிகளை அதன் கீழே சிறிய எழுத்தில் சேர்க்கலாம். தேசிய உதவி எண் 1800-11-6666, தமிழ்நாட்டின் மருத்துவ ஆலோசனை எண் 104. இந்த இரண்டையும் போட்டால் போதும்.

பேச்சில் மட்டும் இன்னும் விரிவாகப் போகலாம், ஏனெனில் மக்கள் கேட்கும் கேள்விகள் வேறு. ஒரே தட்டில் சாப்பிட்டால் ஒட்டிக்கொள்ளுமா என்று கேட்பார்கள். காசநோய் காற்றில் பரவுவது, தட்டிலும் தம்ளரிலும் துணியிலும் பரவாது என்று சொல்லுங்கள். பரம்பரை நோயா என்பார்கள், இல்லை. சிகிச்சையில் இருப்பவரோடு எத்தனை நாள் விலகி இருக்க வேண்டும் என்பார்கள். சரியான மருந்தைத் தொடங்கியபின் பிறருக்குப் பரவும் தன்மை விரைவாகக் குறைகிறது, எப்போது வேலைக்குத் திரும்பலாம் என்பதை மருத்துவர் சொல்வார். முடி, நகம் தவிர உடலில் எந்தப் பகுதியையும் காசநோய் தாக்கக்கூடும் என்பதால், இருமல் இல்லாமலும் கழுத்துக் கட்டியாகவோ முதுகு வலியாகவோ வரலாம் என்பது பலருக்குப் புதிய செய்தி. சர்க்கரை நோய், புகை, மது, போதிய உணவின்மை ஆகியவை இருப்பவர்களுக்கு இந்நோய் வரும் வாய்ப்பு அதிகம். மாத்திரை தொடங்கியவர்களிடம் சொல்ல வேண்டிய ஒன்றுண்டு. சிகிச்சையில் உள்ள ரிஃபாம்பிசின் என்ற மருந்து சிறுநீரைச் செம்மஞ்சள் நிறமாக்கும். இதை முன்பே யாரும் சொல்லாததால் இரத்தம் போகிறது என்று பயந்து மாத்திரையை நிறுத்தியவரை நான் பார்த்திருக்கிறேன். பாதியில் நிறுத்தினால் மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய் உருவாகக்கூடும், அதன் சிகிச்சை இதைவிடக் கடினம்.

பெண்களின் நிலையைத் தனியாகப் பேசுங்கள். நோய் தெரிந்தால் கல்யாணம் நின்றுவிடும் என்று மகளின் இருமலை மறைக்கும் பெற்றோரும், புகுந்த வீட்டில் சொல்லாமல் மாத்திரை சாப்பிடும் மருமகள்களும் இன்றும் இருக்கிறார்கள். மாணவிகள் மட்டும் சென்று, மகளிர் சுயஉதவிக் குழுக் கூட்டங்களில் உட்கார்ந்து பேசுவது, தெருமுனை நாடகத்தை விடப் பயன் தருவதை நான் கண்டிருக்கிறேன்.

யார் பேசுவது என்பதும் முக்கியம். சிகிச்சை முடித்துக் குணமானவர்கள் பலர், பயிற்சி பெற்றுக் காசநோய் சாம்பியன்களாகப் பணிபுரிகிறார்கள். மாவட்ட அலுவலகத்தின் வழியாகவோ, 1999 முதல் சென்னையிலிருந்து காசநோய்ப் பணி செய்துவரும் ரீச் போன்ற அமைப்புகளின் வழியாகவோ அவர்களை அழைக்கலாம். அப்படி ஒருவர் எழுந்து, எனக்கு வந்தது, போய்விட்டது, இப்போது வேலைக்குப் போகிறேன் என்று சொல்லும்போது அரங்கில் ஏற்படும் அமைதியை உங்கள் பவர்பாயின்ட் ஏற்படுத்தாது. வந்தவருக்குப் பயணச் செலவையும் அன்றைய கூலியையும் கொடுத்தனுப்புங்கள்.

கொடுக்கும் முறையும் கணக்கு முடிப்பதும்

பையை மாணவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதைத் தவிருங்கள். கல்லூரிப் பேருந்து தெருவில் நின்றால் அந்தத் தெரு முழுவதற்கும் நோய் தெரிந்துவிடும். நோயாளிகள் மாத்திரை வாங்க வரும் நாளில் சுகாதார நிலையத்திலேயே கொடுப்பது நல்லது. பையின் மேல் குழுவின் பெயரும் காசநோய் என்ற சொல்லும் இருக்க வேண்டாம், கடையில் தரும் சாதாரணத் துணிப்பை போதும். மேடையில் ஏற்றிக் கொடுப்பது, கொடுக்கும்போது படம் எடுப்பது இரண்டையும் விட்டுவிடுங்கள். நன்கொடையாளருக்குக் காட்டப் படம் வேண்டுமென்றால், அடுக்கி வைத்த பைகளையும் கடை ரசீதையும் எடுத்து அனுப்புங்கள். நோயாளிகள் கூடும் அறையில் இருக்கும்போது முகக்கவசம் அணிந்து, சன்னல்களைத் திறந்து வையுங்கள்.

ஒவ்வொரு பை கொடுக்கும் நாளிலும் நோயாளியின் எடையைச் சுகாதார ஊழியர் குறித்துக்கொள்வார். பெயர் நீக்கி, எண் மட்டும் போட்டு, அந்த எடைகளைத் தரச் சம்மதிப்பார்களா என்று கேட்டுப் பாருங்கள். முதல் மாதம் 38 கிலோ, மூன்றாம் மாதம் 42 கிலோ என்பது போன்ற ஒரு வரி, மாதச் சந்தா கொடுக்கும் மாணவரை ஆறாவது மாதம் வரை நிறுத்தி வைக்கும். எடை ஏறாத நோயாளியைப் பற்றி நீங்கள் முடிவுக்கு வர வேண்டாம், மேற்பார்வையாளரிடம் சொன்னால் போதும்.

இடையில் சில மாற்றங்கள் வரும். ஒருவர் ஊர் மாறிப் போவார், ஒருவருடைய சிகிச்சை ஆறு மாதத்தைத் தாண்டி நீளும், ஒருவர் இறந்தும் போகலாம். அப்படி நேர்ந்தால், மீதியுள்ள பைகளை அவர் குடும்பத்துக்கே கொடுத்து முடிப்பது என்று முதலிலேயே தீர்மானித்து எழுதி வையுங்கள். ஜார்க்கண்ட் ஆய்வு காட்டியதுபோல, அந்த வீட்டில் இருப்பவர்களுக்கும் அந்த உணவு தேவைப்படுகிறது.

மாதந்தோறும் வரவு, செலவு, கொடுத்த பைகளின் எண்ணிக்கை, மீதம் ஆகியவற்றை ஒரே பக்கத்தில் எழுதிக் கல்லூரி அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். மீதப்பணம் இருந்தால் அது அடுத்த ஆண்டின் முதல் பைக்கு என்று நன்கொடையாளர்களிடம் சொல்லிவிடுங்கள். பிப்ரவரியில், தேர்வுச் சுமை ஏறுவதற்கு முன், இரண்டாம் ஆண்டு மாணவர்கள் மூவரைத் தேர்ந்தெடுத்து, ரசீதுப் புத்தகம், கணக்கு நோட்டு, கடைக்காரர் எண், மேற்பார்வையாளர் எண் எல்லாவற்றையும் கையெழுத்து வாங்கி ஒப்படையுங்கள். ஜூலையில் கல்லூரி திறந்ததும் அவர்கள் முதலில் மேற்பார்வையாளரைப் பார்த்து, இந்த ஆண்டு எத்தனை பேருக்குத் தேவை இருக்கிறது என்று கேட்டு வர வேண்டும்.